குக்கரைத் தூக்கிக்கொண்டு அட்லாண்டிக் கடந்தேன்

லாஸ் பால்மாஸ் படகுத்துறையின் துணி துவைக்கும் கடையில் நான் ஒட்டிய முதல் நோட்டீஸைப் பார்த்து ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. "மென்பொருள் பொறியாளர், 34 வயது, கடின உழைப்பாளி, அட்லாண்டிக் கடக்க விருப்பம்" என்று வேலைக்கு மனு போடுகிற மாதிரி எழுதியிருந்தேன். நாலு நாள் கழித்து அதைக் கிழித்துவிட்டு வேறொன்று ஒட்டினேன். "மூன்று வேளையும் சமைப்பேன். படகு ஆடினாலும் சமைப்பேன்." மறுநாள் மாலைக்குள் இரண்டு பேர் கூப்பிட்டுவிட்டார்கள்.

லாஸ் பால்மாஸ் இருப்பது ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவில். ஐரோப்பாவிலிருந்து கரீபியனுக்குப் போகும் பாய்மரப் படகுகள் நவம்பரில் இங்கே வந்து குவியும். அந்தப் பக்கம் புயல் காலம் நவம்பரோடு முடிகிறது. டிசம்பரில் வடகிழக்குக் காற்று நிலைத்துவிடும். பள்ளியில் 'வியாபாரக் காற்று' என்று மனப்பாடம் செய்து மறந்தோமே, அதேதான். 1986 முதல் 'ஆர்க்' என்ற கூட்டுப் பயணமும் ஆண்டுதோறும் நடக்கிறது. இப்போது அது நவம்பர் கடைசியில் இங்கிருந்து செயின்ட் லூசியாவுக்குக் கிளம்புகிறது. அதில் சேராமல் தனியாகப் போகிற படகுகளும் ஏராளம்.

இந்தப் படகுகளில் பாதிக்கு மேல் கணவன் மனைவி மட்டும்தான் இருப்பார்கள் போல. மூன்று வாரம் இரவு பகலாக இரண்டே பேர் மாறி மாறிக் காவல் இருப்பது உடம்பை முறித்துவிடும். மூன்றாவது ஆள் இல்லாமல் கடலைக் கடக்கக் கூடாது என்று சொல்லும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் உண்டு. நமக்கு இடம் கிடைப்பது அந்த இடைவெளியில்தான். சம்பளம் கிடையாது. சாப்பாட்டுச் செலவில் பங்கு கொடுக்க வேண்டும். எனக்கு நாளுக்கு 20 யூரோ ஆனது.

நான் ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிறேன். கம்பெனியில் இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு வாங்கியிருந்தேன். கையில் இருந்தது ஐந்து நாள் பாய்மரப் பயிற்சி, சில வார இறுதி அனுபவம், அப்புறம் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ஐந்து லிட்டர் குக்கர்.

முதலில் கூப்பிட்டவரிடம் மூன்று நாள் வீணாகப் போனது. தனி ஆள், நல்ல பேச்சு. படகின் அடிப்பக்கத்தைத் தேய்க்கச் சொன்னார், தேய்த்தேன். காலை பத்து மணிக்கே பீர் டப்பா திறக்கும் சத்தம் கேட்டபோது, சரி விடுமுறைதானே என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் உயிர்காப்புத் தெப்பத்தின் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். சர்வீஸ் தேதி முடிந்து நாலு வருடம் ஆகியிருந்தது. கேட்டதற்கு, "அதெல்லாம் திறக்கும், கவலைப்படாதே" என்றார். முன்பணம் 600 யூரோ வேறு கேட்டார். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கடலில் இறங்க முடியாது பாருங்கள்.

அடுத்தது அறுபது தாண்டிய டச்சுத் தம்பதி. 38 அடிப் படகு. அவர்கள் என்னை விசாரித்ததைவிட நான் அதிகம் விசாரித்தேன். அது அவர்களுக்குப் பிடித்திருந்தது. தெப்பம் எப்போது சர்வீஸ் ஆனது, செயற்கைக்கோளுக்கு அபாயச் செய்தி அனுப்பும் ஈபிர்ப் கருவி எங்கே இருக்கிறது, இதற்கு முன் உங்களோடு வந்தவரிடம் நான் பேசலாமா என்று கேட்டேன். கடைசிக் கேள்விக்கு அந்த அம்மா உடனே ஒரு நம்பர் கொடுத்தார். பேசினேன். "அவர் கத்த மாட்டார்" என்றார் எதிர்முனையில் இருந்தவர். கத்துகிற ஸ்கிப்பர்களைப் (படகுத் தலைவர்களை அப்படித்தான் சொல்கிறார்கள்) பற்றி அதற்குள் படகுத்துறையில் நிறையக் கேள்விப்பட்டிருந்ததால், எனக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. ஒருநாள் ஒத்திகையாகக் கடலுக்குப் போய் வந்தோம். அப்புறம்தான் இரு பக்கமும் சரி என்றோம்.

காகித வேலை நினைத்ததைவிடக் குறைவு. போகும் இடம் பார்படாஸ். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா வேண்டாம். ஆனால் படகில் வந்திறங்கும் ஆள் அந்த நாட்டைவிட்டு எப்படிப் போவான் என்பதற்கு ஸ்கிப்பர்தான் பொறுப்பு. அதனால் திரும்பும் விமான டிக்கெட்டைக் கிளம்பும் முன்பே வாங்கச் சொன்னார். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள். காற்று நம் காலண்டரைப் பார்ப்பதில்லை.

கடைசி இரண்டு நாளும் சாமான் ஏற்றும் வேலை. அட்டைப் பெட்டி ஒன்றுகூடப் படகுக்குள் வரக் கூடாது, அட்டையின் மடிப்பில் கரப்பான் முட்டை இருக்கும் என்றார் அந்த அம்மா. எல்லாவற்றையும் கரையிலேயே பிரித்து, காய்களைக் கழுவித் துடைத்து ஏற்றினோம். குளிரூட்டாத முட்டைகளாகப் பார்த்து வாங்கினோம். தினமும் திருப்பி வைத்தால் வாரக்கணக்கில் தாங்குகின்றன. நான் என் பங்குக்குப் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, புளி, பெருங்காயம். இரண்டாம் வாரம் கீரை, காய் எல்லாம் தீர்ந்தபின் முளைகட்டிய பயறுதான் எங்கள் பச்சைக் காய்கறி.

முதல் மூன்று நாள் நான் சமைக்கவில்லை. யாரும் சாப்பிடவுமில்லை என்பது வேறு விஷயம். குமட்டல் மாத்திரையைக் கிளம்புவதற்கு முந்தைய இரவே போட்டிருக்க வேண்டும். படகு ஆடத் தொடங்கியபின் போட்டது அப்படியே வெளியே வந்துவிட்டது. நாலாம் நாள் பசித்தது. பிறகு குமட்டல் இல்லை.

மூன்று மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் ஓய்வு. மூன்று பேருக்கும் கணக்கு ஒன்பது மணி நேரம் என்பதால், நம் முறை தினமும் மூன்று மணி நேரம் தள்ளிப்போகும். நடுநிசிப் பங்கு எல்லாருக்கும் வரும். சுக்கானைக் காற்றாலேயே இயங்கும் கருவி பிடித்துக்கொள்கிறது. நம் வேலை பார்ப்பது மட்டும்தான். அடிவானத்தில் வெளிச்சம் தெரிந்த சரக்குக் கப்பல் பதினைந்து இருபது நிமிடத்தில் பக்கத்தில் வந்துவிடும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து சுற்றிலும் பார்க்க வேண்டும். சமையலறை டைமரைக் கழுத்தில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரவில் நம்மைப் படகோடு பிணைக்கும் வாரை மாட்டாமல் வெளியே வரக் கூடாது. இன்னொருவரை எழுப்பாமல் முன்பக்கம் போகவே கூடாது. ஆண்கள் படகோரத்தில் நின்று சிறுநீர் கழிக்கவும் தடை. சிரிக்காதீர்கள், அப்படி விழுந்து போனவர்கள் இருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் மதியம் குக்கரை எடுத்தேன். படகு அடுப்பு இரு பக்கமும் தொங்கி, தூளி மாதிரி ஆடும். அது நேராகத்தான் நிற்கும், சாய்வது நாம்தான். இடுப்பில் வார் கட்டி, கொதிநீர் கொட்டினாலும் காலில் படாதபடி மழைக்குப் போடும் கால்சட்டை போட்டுக்கொண்டு, பருப்பு வைத்தேன். முதல் விசில் அடித்ததும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஸ்கிப்பர் ஜட்டியோடு பாய்ந்து வந்து தரைப்பலகையைத் தூக்கினார். படகுக்குள் தண்ணீர் ஏறும் அபாயச் சங்கு என்று நினைத்துவிட்டாராம். அவர்கள் ஊர்க் குக்கர் விசில் அடிக்காது என்பது எனக்கு அதுவரை தெரியாது. அதற்குப் பிறகு அடுப்பில் வைக்கும் முன் "விசில்!" என்று உரக்க அறிவிப்பது படகின் விதியானது.

காற்று பின்னாலிருந்து வருவதால் படகு ஓடும்போதே இடமும் வலமுமாக உருண்டுகொண்டிருக்கும், ஓயாமல். அதைவிட எரிச்சல் கடைசி வாரத்தில் வந்த சர்காசம் என்ற கடற்பாசி. பழுப்பு மஞ்சளாகப் பாய்விரித்த மாதிரிக் கிடக்கும். தூண்டிலில் சிக்கும், சுக்கான் கருவியில் சுற்றும். குனிந்து கழியால் தள்ளித் தள்ளி முதுகு போனது.

காலையில் மேல்தளத்தில் பறவைக்கோலா என்ற பறக்கும் மீன் விழுந்து கிடக்கும். பொறுக்கி, மஞ்சளும் மிளகாயும் தடவி வறுப்பேன். பார்படாஸில் இறங்கினால் அந்த ஊரின் தேசிய உணவே அதுதான். சோளமாவும் வெண்டைக்காயும் போட்டுக் கிண்டிய 'கூகூ'வோடு கொடுக்கிறார்கள். ஒரு வாய் வைத்ததும் சிரிப்பு வந்தது. மீன் குழம்பும் களியும்.

சுமார் 2,700 கடல் மைலுக்கு 21 நாள் ஆனது. பார்படாஸின் பிரிட்ஜ்டவுனில், வெளிநாட்டிலிருந்து வந்து அனுமதி கேட்கிறோம் என்று காட்டும் மஞ்சள் கொடி ஏற்றி, சுகாதாரம், சுங்கம், குடியேற்றம் என்று மூன்று மேசை. என் பெயரைப் படகுப் பட்டியலிலிருந்து நீக்க அந்த டிக்கெட்டைத்தான் முதலில் கேட்டார்கள்.

குக்கரை அந்த அம்மாவிடமே விட்டுவிட்டேன். மூடியில் டேப் ஒட்டி, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்: பாசிப்பயறு 2, துவரம்பருப்பு 4, கொண்டைக்கடலை 6. ஜனவரியில் கிரெனடாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. ராஜ்மாவுக்கு எத்தனை விசில்?