கூழைக்கடாவும் தில்லை மரமும்

புதுச்சேரி ஊசுட்டேரியில் கூழைக்கடாவையும், பிச்சாவரத்தில் தில்லை மரத்தையும் பார்க்கிறவர்கள் இவற்றில் எதற்கு ஆபத்து அதிகம் என்று கேட்பதுண்டு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல்படி பறவைக்குத்தான். கூழைக்கடா ‘அச்சுறுத்தலை நெருங்கும் இனம்’, தில்லை ‘கவலை குறைந்த இனம்’.

ஆனால் எனக்கு அது போதவில்லை. கூழைக்கடா முன்பு இதைவிட மோசமான பிரிவில் இருந்தது. மியான்மரின் சிட்டாங் ஆற்றுப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் இருந்த மாபெரும் கூடமைப்புக் கூட்டம் பின்னர் அடியோடு இல்லாமல் போயிற்று. தென்னிந்தியாவில் ஊர் மக்கள் குளக்கரை மரங்களைக் காத்தது இனம் மீள உதவியது. பட்டியலிலும் அதன் ஆபத்து நிலை ஒரு படி குறைந்தது. மரம் இருந்தால் கூடு, ஏரியில் மீன் இருந்தால் குஞ்சு, அவ்வளவுதான் அதன் தேவை.

தில்லை அப்படியில்லை. இந்தியா முதல் ஆஸ்திரேலியா வரை கடலோரங்களில் வளர்வதால் உலகக் கணக்கில் அது பத்திரம். சிதம்பரத்திலோ, ஊருக்கே தில்லை என்று பெயர், நடராசர் கோயிலின் தலமரமும் அதுதான், மரத்தைக் காண பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். (பாலைத் தொட்டுவிடாதீர்கள், தோல் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.) ஆண் மரம், பெண் மரம் தனித்தனி என்பதால் ஒன்றிரண்டை மட்டும் விட்டுவைத்தால் விதையே வராமல் போகலாம்.

உலகப் பட்டியல் நம் ஊர் இழப்பைக் காட்டாது. கடலூர் மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு தாவரக் கணக்கு வேண்டும், அதில் முதல் பெயராகத் தில்லையை எழுத வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.