பாலோமார் 4-இன் வயதைத் தேடி

பிப்ரவரி 9
ஹபிள் காப்பகத்திலிருந்து பாலோமார் 4 கொத்தின் பழைய படங்களை இறக்கியாயிற்று. சப்தரிஷி மண்டலத் திசையில், 3 லட்சம் ஒளியாண்டுக்கும் அப்பால் தனித்துக் கிடக்கும் கோளக் கொத்து, அதாவது பந்துபோல் திரண்ட பழைய விண்மீன்களின் கூட்டம். இது பால்வீதியிலேயே பிறந்ததா, வந்து சேர்ந்ததா? பால்வீதியின் மையப்பகுதி உருவான பிறகும் சிறு துண்டுகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன என்று 1978-இல் வானியலாளர்கள் சியர்லும் ஜின்னும் சொன்னார்கள். அப்படியானால் வெளிப்புறக் கொத்துகளின் வயது ஒன்றுபோல் இருக்கக் கூடாது. என் வேலை அந்த வயதை அளப்பது.

பிப்ரவரி 12
நாள் முழுக்க டாஃபாட் (நெருக்கமான விண்மீன்களின் ஒளியைத் தனித்தனியே அளக்கும் மென்பொருள்). ஒரு செம்பெருமீனின் (முதுமையில் ஊதிச் சிவந்த விண்மீன்) ஒளியை மாதிரி வைத்துக் கழித்ததும், அதன் ஓரத்தில் மங்கலான இன்னொரு விண்மீன் தலைகாட்டியது. எனக்கு வேண்டியவை இந்த மங்கல் விண்மீன்கள்தான். வயது அவற்றில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 13
போலி விண்மீன்களைப் படத்தில் தூவி, எத்தனை திரும்பக் கிடைக்கின்றன என்று சோதனை. அலுப்பான வேலை, ஆனால் இது இல்லாமல் எந்த எண்ணையும் நம்ப மாட்டேன்.

பிப்ரவரி 18
நிற-ஒளிர்வு வரைபடம் (ஒவ்வொரு விண்மீனின் நிறத்தையும் ஒளியையும் குறிப்பது) வந்துவிட்டது! கிடைக்கிளை விண்மீன்கள் (மையத்தில் ஹீலியம் எரிப்பவை) எல்லாம் சிவப்புப் பக்கமே குவிந்திருக்கின்றன. எம்3 என்ற இன்னொரு கோளக் கொத்திலும் கிட்டத்தட்ட இதே அளவு உலோகம்தான் (வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் எல்லாம் உலோகம்). அங்கே கிடைக்கிளை விண்மீன்கள் நீலம்வரை பரவிக் கிடக்கின்றன. வயது வேறுபாடு காரணமாக இருக்கலாம். கிடைக்கிளைக்கும் முதன்மை வரிசையின் திருப்பத்துக்கும் (விண்மீன்கள் மைய ஹைட்ரஜனை எரித்து முடித்து விலகும் இடம்) உள்ள ஒளிர்வு இடைவெளியை அளந்தால் தூரமும் தூசியும் கணக்கிலிருந்து கழன்றுவிடும். அப்புறம் மிஞ்சுவது பெரும்பாலும் வயதுதான். ஆனால் 100 கோடி ஆண்டுக்கு அந்த இடைவெளி நகர்வது சுமார் 0.1 மேக்னிட்யூட் (ஒளிர்வை அளக்கும் அலகு) மட்டும்! 1999-இல் இதே கொத்தை ஆராய்ந்தவர்கள், வேதிக்கலவை ஒன்றே என்று கொண்டால் இதே அளவு உலோகம் கொண்ட அருகிலுள்ள கொத்துகளைவிட இது 150 முதல் 200 கோடி ஆண்டு இளையது என்றார்கள். என் வரைபடமும் அந்தப் பக்கமே சாய்கிறது.

பிப்ரவரி 21
இளமை மட்டுமே பிறப்பிடத்துக்குச் சாட்சியாகாது. பாலோமார் 12 என்ற கொத்தும் இளையதுதான். ஆனால் வானில் அதன் நகர்வும் தனுசு குறு விண்மீன் மண்டலத்தோடு (பால்வீதி விழுங்கிவரும் சிறு கேலக்ஸி) ஒத்துப்போன பிறகே அதன் வீடு தெரிந்தது. பாலோமார் 4-இல் கயாவுக்கு (விண்மீன்களின் நகர்வை அளந்த விண்கலம்) எட்டுவது பிரகாசமான செம்பெருமீன்கள்தான், அவற்றின் நகர்வும் மிகச் சிறியது. சரி, ஒளியளவியல் (விண்மீன்களின் ஒளியை அளப்பது) தரக்கூடியதை முழுதாக எடுத்துவிடுகிறேன். அடுத்து எரிடானஸ் கொத்து. அதன் கிடைக்கிளையும் சிவப்பு.