திரவ நைட்ரஜன் செய்முறைத் தேர்வு: −196-ஐத் தாண்டிப் படிக்க வேண்டியவை

திரவ நைட்ரஜனைத் தனியாகக் கையாள அனுமதி தருமுன் பல ஆய்வகங்களில் ஒரு வைவாவும் சிறு செய்முறையும் வைப்பார்கள். கொதிநிலை −196 டிகிரி செல்சியஸ் என்பதை எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். இன்னும் இரண்டு எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: 695, −183. குளிர் தோலைச் சுட்டால் உடனே உறைக்கும். இந்த இரண்டு எண்களுக்குப் பின்னால் இருக்கும் ஆபத்து முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

ஒரு லிட்டர் திரவம் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 695 லிட்டர் வாயுவாகிறது. இதை வைத்து ஒரு கணக்கைப் போட்டுப் பழகுங்கள். 4 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறை 60 கன மீட்டர். அதில் 25 லிட்டர் டியூவர் (திரவ நைட்ரஜன் வைக்கும் இரட்டைச் சுவர் வெற்றிடக் குடுவை) முழுவதும் கொட்டிவிட்டால் 17.4 கன மீட்டர் வாயு. மிஞ்சும் ஆக்சிஜன் 20.9 × (60 − 17.4) ÷ 60, அதாவது 14.8 சதவீதம். ஆக்சிஜன் மானி வழக்கமாக 19.5-லேயே அலறத் தொடங்கும். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆள் அப்படியே சுருண்டு விழுவார். மூச்சு முட்டவே முட்டாது. அந்த உணர்வைத் தருவது கார்பன் டை ஆக்சைடு சேர்வதுதான், ஆக்சிஜன் குறைவது அல்ல. உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் தூக்க ஓடக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். லிஃப்டில் டியூவர் மட்டும் போகட்டும், ஆள் படியில் வரட்டும் என்பதும் இதனால்தான். தரையில் தவழும் வெண்புகை காற்றின் ஈரம் உறைந்த மூடுபனி. அது கலைந்த இடத்திலும் நைட்ரஜன் இருக்கும்.

இதே 695 மூடிய பாத்திரத்துக்குள் நடந்தால் வெடிப்பு. டியூவருக்கு அதனோடு வந்த தளர்வான மூடியை மட்டுமே போடுங்கள். கழுத்தில் பனிக்கட்டி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். திரவத்தில் மூழ்கியிருந்த கிரையோ குப்பிக்குள் (மாதிரிகளை உறையவைக்கும் சிறு குப்பி) நைட்ரஜன் கசிந்து புகுந்திருக்கலாம். வெளியே எடுத்ததும் அது சிதறும். முகக்கவசம் இல்லாமல் எடுக்காதீர்கள். மாதிரிகளைத் திரவத்துக்கு மேலுள்ள ஆவிப் பகுதியில் வைப்பதே மேல்.

ஊற்றும் முறையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கையுறை உதறினால் கழன்று விழும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். பேன்ட் காலணிக்கு வெளியே தொங்கட்டும். வெதுவெதுப்பான குடுவையில் முதலில் கொஞ்சம் ஊற்றி, கொதிப்பு அடங்கிய பிறகு ஐந்தில் நான்கு பங்கு வரை நிரப்புங்கள். ஆழம் பார்க்க உள்ளீடற்ற குழாயை விடாதீர்கள், திரவம் அதன் வழியே மேலே பீய்ச்சும், மரக்குச்சி போதும். என்எம்ஆர் கருவியின் மீகடத்திக் காந்தத்தை நிரப்பும்போது வழியும் திரவம் ஓ-ரிங்கில் (வெற்றிடத்தைக் காக்கும் ரப்பர் வளையம்) படாமல் பாருங்கள். அந்த வளையம் உறைந்து இறுகினால் வெற்றிடம் போய், காந்தத்தைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் கொதித்து, காந்தமே குவெஞ்ச் ஆகலாம், அதாவது மீகடத்தும் தன்மையைத் திடீரென இழக்கலாம். தோலில் பட்டால் 40 டிகிரிக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீர், தேய்க்கக்கூடாது.

இனி −183. இது ஆக்சிஜனின் கொதிநிலை. வெற்றிட லைனில் (பம்ப்போடு இணைந்த குழாய் அமைப்பு) உள்ள கோல்ட் ட்ராப், அதாவது கரைப்பான் ஆவி பம்ப்புக்குப் போகாமல் உறையவைத்துப் பிடிக்கும் குளிர்ந்த குழாய், காற்றுக்குத் திறந்திருக்கும்போது அதைத் திரவ நைட்ரஜனில் இறக்கினால், காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே திரவமாகச் சேரும். அங்கே ஏற்கனவே உறைந்திருக்கும் கரைப்பானோடு அது கலந்தால் வெடிமருந்துதான். பம்ப் ஓடும்போது மட்டும் ஏன் இப்படி நடப்பதில்லை என்று கேட்பார்கள். −196-இல் ஆக்சிஜனின் ஆவியழுத்தம் சுமார் 0.2 பார், நல்ல வெற்றிடத்தில் அழுத்தம் அதைவிட மிகக் குறைவு, ஆகவே அது திரவமாகாமல் பம்ப்புக்குப் போய்விடுகிறது.

வரிசையும் இதிலிருந்தே பிறக்கிறது. முதலில் ட்ராப்பைப் பொருத்தி, ஸ்டாப்காக்குகளை (லைனின் அடைப்புத் திருகுகள்) மூடி, பம்ப்பை ஓட்டி, அழுத்தம் இறங்கியதைப் பார்த்த பிறகே திரவ நைட்ரஜன் உள்ள டியூவரை ட்ராப்பைச் சுற்றி உயர்த்துங்கள். முடிக்கும்போது டியூவரை முதலில் இறக்கி, உடனே பம்ப்பை நிறுத்தி ட்ராப்பைக் காற்றுக்குத் திறந்துவிடுங்கள். மூடியபடி சூடேறும் ட்ராப்பும் வெடிக்கும். ஆர்கான் வாயு லைனில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: அதன் கொதிநிலை −186, அதுவும் ட்ராப்பில் உறைந்து, பிறகு ஒரேயடியாக விரியும்.

ட்ராப்பில் வெளிர் நீலத் திரவம், அதாவது திரவ ஆக்சிஜன், தெரிந்தால்? டியூவரை எடுக்கக்கூடாது, பம்ப்பை நிறுத்தக்கூடாது, ட்ராப்பை மூடவும் கூடாது. ஃபியூம் ஹூட்டின் (நச்சுப் புகையை உறிஞ்சும் ஆய்வகக் கூண்டு) கண்ணாடியை இறக்கிவிட்டு, எல்லோரையும் வெளியேற்றி, பாதுகாப்புப் பொறுப்பாளரை அழையுங்கள். பம்ப் இழுக்க இழுக்க ஆக்சிஜன் மெல்ல ஆவியாகிப் போகட்டும்.