கோர்ட்டுக்குப் போகக் கிளம்பி நடுவரிடம் போன கதை

வேறு நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு ஏழு மாதம் உட்கார்ந்து எழுதிய மென்பொருள். ஒப்படைத்த பிறகு, "நிறைய பக் (பிழை) இருக்கிறது, கடைசித் தவணையைத் தர முடியாது" என்று மெயில் வந்தது. கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வக்கீலிடம் போனேன். அவர் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, நான் சரியாகப் படிக்காத நாலு வரியைக் காட்டினார். தகராறு எதுவானாலும் ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் பதில் ஒரு தனி நடுவர் விசாரித்துத் தீர்ப்பு சொல்வது. நான் வழக்குப் போட்டாலும், எதிர்த்தரப்பு அந்த வரியைக் காட்டினால் கோர்ட்டே பெரும்பாலும் எங்களை நடுவரிடம் அனுப்பிவிடுமாம்.

கோபம்தான் வந்தது. ஆனால் கோர்ட்டில் ஜெயித்தாலும் அந்தத் தீர்ப்பை இன்னொரு நாட்டில் அமல்படுத்துவது பெரும்பாடு என்றார். நடுவர் தீர்ப்புக்கோ, வேறு நாட்டில் சொன்ன நடுவர் தீர்ப்பையும் ஏற்று அமல்படுத்துவதற்கான 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை கைகொடுக்கிறது. 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன.

முதல் சிக்கல், எத்தனை நடுவர் என்று எங்கள் ஒப்பந்தம் சொல்லவே இல்லை. நீதிபதிக்கு அரசு சம்பளம் தருகிறது, நடுவருக்கு நாம்தான் தர வேண்டும். மூவர் என்றால் எனக்கு வர வேண்டிய தொகையில் பெரும்பகுதி அதற்கே போயிருக்கும். ஒருவர் போதும் என்று இரு தரப்பும் ஒத்துக்கொள்ளவே இரண்டு மாதம் ஆனது. அதனால், கையெழுத்துப் போடும் முன் நடுவர் எத்தனை பேர், எந்த நாட்டுச் சட்டப்படி, எந்த மொழியில் என்று எழுதி வாங்கிவிடுங்கள். நாம் எழுதிய புரோகிராமைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தினால் அவசரத் தடைக்குக் கோர்ட்டுக்குப் போகலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கிடைத்த நடுவர் பல வருடம் புரோகிராமராக இருந்துவிட்டுச் சட்டம் படித்தவர். வீடியோ விசாரணையில் கிட் லாகை, அதாவது புரோகிராமில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவை, திறந்து வைத்துக்கொண்டார். "இந்த மூன்று பக்கில் இரண்டு, ஒப்படைத்த பிறகு உங்கள் ஆட்கள் மாற்றிய கோப்பில்தானே வருகிறது?" என்று எதிர்த்தரப்பைக் கேட்டார். கமிட் (அந்தப் பதிவில் உள்ள ஒவ்வொரு மாற்றமும்) தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாமே என்றார் அவர்களுடைய வக்கீல். அது உண்மைதான். நடுவர் அசரவில்லை. மாற்றங்கள் சர்வருக்கு அனுப்பப்பட்ட (புஷ் ஆன) நேரத்தின் பதிவையும் அந்த வாரத்து மெயில்களையும் கேட்டு வாங்கி, வரிசையாக வைத்துப் பார்த்தார். கோர்ட்டாக இருந்தால் கமிட் என்றால் என்ன என்று விளக்கவே ஒரு நிபுணர் சாட்சி தேவைப்பட்டிருக்கும்.

மற்றதில் தீர்ப்பு என் பக்கம் வந்தது. ஆனால் டேட்டா இம்போர்ட் (தரவை உள்ளே ஏற்றும்) பகுதியில் நான் தோற்றேன். போனில் பேசி ஒத்துக்கொண்ட மாற்றம் அது, எழுத்தில் எதுவும் இல்லை. அந்த முடிவு தவறு என்று இன்றும் நினைக்கிறேன். அப்பீல் செய்யலாமா என்று கேட்டதற்கு வக்கீல் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். நடுவர் நம் தரப்பைக் கேட்கவே இல்லை, தன் அதிகாரத்தை மீறினார் என்பது போன்ற காரணம் இருந்தால்தான் கோர்ட் அதை ரத்து செய்யும். சாட்சியத்தைத் தப்பாக எடைபோட்டார் என்பதெல்லாம் எடுபடாது. இது எனக்கு நிஜமாகவே வலித்தது. ஆனால் அதே கதவுதான் அவர்களுக்கும் மூடியிருந்தது.

தீர்ப்பை அவர்கள் நாட்டுக் கோர்ட்டில் அமலாக்கப் போகிறோம் என்று கடிதம் அனுப்பினோம். அடுத்த வாரமே இம்போர்ட் பகுதிக்கானதைக் கழித்துக்கொண்டு மீதிப் பணம் முழுவதும் வந்து சேர்ந்தது.