ஆட்டுக்குட்டிக்குக் காவலாக 800 டாலருக்குள் ஒரு ரைஃபிள்: சான் ஆஞ்சலோ போய் வந்தோம்

நேற்று இரவு பதினோரு மணிக்கு டாலஸ் வந்து சேர்ந்தோம். குளித்துச் சாப்பிட்டுப் படுத்தும் தூக்கம் வரவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா, எந்த ஸ்கோப் (ரைஃபிள் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி), மொத்தம் எவ்வளவு ஆனது என்று வரிசையாகச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த இழுவை வண்டிக்காரரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இன்னும் வயிறு எரிகிறது.

என்னோடு வேலை பார்ப்பவரின் அப்பாவுக்கு, இங்கே டெக்சஸிலேயே சான் ஆஞ்சலோ என்ற ஊருக்குத் தெற்கே ஆட்டுப் பண்ணை இருக்கிறது. ஆடு குட்டி போடும் காலம் இது. மூன்று வாரத்தில் பதினொரு குட்டிகளைக் கயோட்டி தூக்கிவிட்டது. நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சிறிது, இரண்டைவிடவும் சூட்டிகையான மிருகம். நான் ஒரு ரைஃபிள் வாங்க யோசிப்பது பெரியவருக்குத் தெரியும். “இங்கே மூன்று வகை இருக்கிறது. கடைக்காரன் பேச்சைக் கேட்டு வாங்காதே, சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கு” என்று கூப்பிட்டார். நானும் ஊர்க்கார நண்பனும் வெள்ளிக்கிழமை மதியமே கிளம்பிவிட்டோம்.

அபிலீன் வரைக்கும் நெடுஞ்சாலை, அங்கிருந்து 277ஆம் எண் சாலை. சொல்ல ஒன்றுமில்லை. பண்ணைக்குத் திரும்பும் மண் சாலையில்தான் வினை. கருவேல முள் டயரில் ஏறிவிட்டது. கருவேலம் என்று சும்மா சொல்லவில்லை. இங்கே மெஸ்கீட் என்கிறார்களே, அது நம் ஊர்க் கண்மாய்களை எல்லாம் விழுங்கிய சீமைக்கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி முறை. அதே இலை, அதே காய், அதே முள். ராமநாதபுரத்தில் செருப்பைத் துளைத்தது இங்கே டயரைத் துளைக்கிறது. முள்ளைப் பிடுங்கிப் பார்த்தேன், என் சுட்டுவிரல் நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

காரில் ஸ்டெப்னி கிடையாது. ஒரு பம்ப்பும் ஒரு பசை டப்பாவும்தான் தருகிறார்கள். டயரின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்தால் அந்தப் பசை எதற்கும் ஆகாது. ஃபோன் சிக்னலுக்காக ஒரு மைல் நடந்து, இழுவை வண்டியை அழைத்தோம். ஃபோனில் 120 என்றார். வந்து இறங்கியதும் மண் சாலை என்பதால் 180 என்றார். சங்கிலியை மாட்டிய பிறகு, இரவு நேரக் கட்டணம் சேர்த்து 240, ரொக்கமாக வேண்டும் என்றார். பதினாலு மைலுக்கு 240 டாலர்! நான் வாயைத் திறக்கும் முன்பே நண்பன் கையைப் பிடித்தான். “விடு மாப்ள, நடு ரோட்டில் நிற்கிறோம்.” கொடுத்தேன். புது டயர் தனியாக 135. ரைஃபிளுக்கென்று ஒதுக்கி வைத்த 800 டாலரில் கை வைக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். அதனால் விடுதி அறையை ரத்து செய்துவிட்டுப் பெரியவர் வீட்டுக் கூடத்தில் படுத்தோம்.

மறுநாள் நாலரை மணிக்கு எழுப்பிவிட்டார். வேலியோரம் டார்ச் அடித்துக் காட்டினார். பிறந்து நாலைந்து நாள் ஆன குட்டி. தொண்டையில் மட்டும் இரண்டு துளை, சுற்றிலும் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. வேறு இடத்தில் கீறல்கூட இல்லை. கயோட்டி கழுத்தைத்தான் பிடிக்குமாம், தெருநாய் என்றால் காலையும் தொடையையும் குதறி வைத்திருக்கும் என்றார். பக்கத்தில் தாய் ஆடு மடி கனத்து நின்றுகொண்டிருந்தது. எங்களைப் பார்த்து விலகவும் இல்லை, கத்தவும் இல்லை. ஆட்டுக் கிடை போடும் ஊரில் வளர்ந்தவன் நான். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன். பெரியவர் வீட்டில் இருந்த மூன்றுமே மலிவு விலை போல்ட் ஆக்ஷன்தான், அதாவது ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட் என்ற கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். சாவேஜ் ஆக்சிஸ் 2, தோட்டா .223 (இந்த எண்கள் தோட்டாவின் வகையைக் குறிக்கும்). ரூகர் அமெரிக்கன் பிரெடேட்டர், .22-250. மாஸ்பெர்க் பேட்ரியட், .243. இருநூறு கஜத்தில் தொங்கவிட்ட இரும்புத் தட்டில் மூன்றையும் சுட்டுப் பார்த்தேன்.

.22-250 ஒரு மின்னல். 55 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு நொடிக்கு 3,600 அடிக்கு மேல் பறக்கிறது. 300 கஜம் வரை குறியை மேலே கீழே மாற்ற அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ரூகரின் போல்ட்டை 70 பாகை தூக்கினால் போதும், ஸ்கோப்பில் கை இடிக்காது. ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் கடையில் இருபது தோட்டா 38 டாலர். குழலும் சீக்கிரம் தேயும். மாதாமாதம் பழக நினைக்கிற மாதச் சம்பளக்காரனுக்கு இது கட்டுப்படியாகாது.

.243 மானுக்கும் ஆகும், கயோட்டிக்கும் ஆகும். ஒரே துப்பாக்கியில் இரண்டு வேலையும் நடக்க வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். எனக்கு மான் வேட்டையில் ஆசை இல்லை. சுடும்போது தோளில் விழும் உதையும் கொஞ்சம் கூடுதல். சுட்டதும் ஸ்கோப்பில் வானம்தான் தெரிகிறது.

.223தான் நான் தேடிப் போனது. உதை இல்லாத மாதிரியே இருக்கிறது. குண்டு தட்டில் பட்டு வண்ணப்பூச்சு தெறிப்பதை ஸ்கோப்பிலேயே பார்க்கலாம். 55 கிரெயின் குண்டு 3,200 அடி வேகத்தில் கிளம்புகிறது. 200 கஜத்துக்கு ஜீரோ செய்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறி பார்த்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால், 300 கஜத்தில் முக்கால் அடி அளவுக்கு இறங்கிவிடும், காற்றும் தள்ளும். அதனால் 250 கஜத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். “கூப்பிட்டு வரவைக்கிற கயோட்டி பெரும்பாலும் 150 கஜத்துக்குள் வந்துவிடும், வராவிட்டால் நீ உட்கார்ந்த இடம் தப்பு” என்றார் பெரியவர். முந்நூறு கஜம் சுடும் துப்பாக்கிக்குச் செலவு செய்வதற்குப் பதில் உட்காரக் கற்றுக்கொள் என்பதுதான் அவர் சொன்னது. முழுக்க ஒத்துக்கொள்கிறேன்.

ஆக்சிஸ் 2 ரைஃபிளின் விசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விசைக்கு நடுவே இன்னொரு மெல்லிய தகடு துருத்திக்கொண்டிருக்கிறது. விரல் முதலில் அதை அழுத்தினால்தான் பெரிய விசை அசையும். துப்பாக்கி கீழே விழுந்தாலும் தானாக வெடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. இதனால் விசையை லேசாக வைத்துக்கொள்ள முடிகிறது. தகடு மடங்குவது விரல் நுனியில் தெரியும், அப்புறம் கண்ணாடித் துண்டு உடைகிற மாதிரி சட்டென்று விடுபடும். 389 டாலர் துப்பாக்கியில் இப்படி ஒரு விசை கிடைப்பது பெரிய விஷயம். இந்த விலையில் குழலைத் தாங்கும் கட்டை பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். முன்பக்கத்தை இறுக்கிப் பிடித்து வளைத்தால் குழலில் உரசிக் குறி மாறும். பிடிக்காமல் ஒரு பை மேல் சாய்த்து வைத்துச் சுட்டால் பிரச்சினை இல்லை.

இதற்கு நடுவில் ஒன்று. பெரியவர் நண்பனிடமும் துப்பாக்கியை நீட்டினார், அவன் வாங்கவில்லை. சரியாகத்தான் செய்தான். அவன் எச்1பி விசாவில் இருக்கிறான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு எதுவும் இல்லாமல் அந்த விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது இங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ‘ரேஞ்சுக்குப் போய்ச் சும்மா சுடலாம் வா’ என்று கூப்பிடும் நண்பர்களை நம்பிப் போகாதீர்கள். எனக்குப் பச்சை அட்டை இருக்கிறது. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து உரிமமும் எடுத்திருந்தேன். டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அந்த வகுப்பு தேவை. கயோட்டிக்கு வருடம் முழுக்கப் பருவம்தான், எண்ணிக்கை வரம்பும் இல்லை. நிலத்துக்காரர் அனுமதி மட்டும் கட்டாயம்.

ஞாயிறு விடிகாலை. முகத்தில் காற்று அடிக்கும்படி பார்த்து, ஒரு கருவேலம் புதருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தோம். பெரியவர் வாயில் ஒரு சின்ன ஊதலை வைத்து, முயல் அடிபட்டுக் கதறுகிற மாதிரி ஊதினார். எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஊதுவார், நிறுத்துவார், மறுபடி ஊதுவார். விரல் மரத்துப்போயிற்று. பதினேழாவது நிமிடம் நண்பன் பைனாகுலரை இறக்காமலே “மாப்ள, இடது பக்கம், சப்பாத்திக்கள்ளிக்குப் பின்னாடி” என்று முணுமுணுத்தான்.

வந்தது நேரே வரவில்லை. வளைந்து வளைந்து, எங்கள் வாடை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாகச் சுற்றியது. கயோட்டி எப்போதும் மூக்கைத்தான் நம்பும். இன்னும் முப்பது கஜம் போனால் வாடை தெரிந்து ஓடிவிடும். பெரியவர் நாய் குரைப்பது போல ஒரே ஒரு சத்தம் கொடுத்தார். நின்று திரும்பிப் பார்த்தது. சாம்பலும் செம்மண்ணும் கலந்த முடி, காது இரண்டும் எங்கள் பக்கம். பின்னால் மேடு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். மேடு இருந்தது. தகடு மடங்கியது. 140 கஜம், ஒரே குண்டு, நின்ற இடத்திலேயே விழுந்தது. போல்ட்டை இழுத்ததும் காலித் தோட்டா என் மடியில் விழுந்தது, சூடு பேண்ட்டைத் தாண்டித் தெரிந்தது. கிட்டத்தில் போய்ப் பார்த்தபோது மனம் கனத்தது, அவ்வளவு அழகு. வேலியோரம் பார்த்த குட்டியை நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மதியச் சாப்பாடு! மெஸ்கீட் விறகுத் தணலில் ஆறு மணி நேரம் வாட்டிய ஆட்டுத் தொடை. உப்பு, மிளகு, பூண்டு, அவ்வளவுதான். எலும்பை உருவினால் கறி தானாகக் கழன்று வருகிறது. பக்கத்தில் பிரேடி என்ற ஊரில் 1974 முதல் இதற்கென்றே வருடாவருடம் போட்டி நடக்கிறதாம். அந்த வீட்டு அம்மா எங்களுக்காகப் பச்சை மிளகாய் தனியாக வாட்டி வைத்திருந்தார். நண்பன் மூன்று தட்டு சாப்பிட்டான். பயணத்தில் பைசா செலவில்லாமல் கிடைத்ததும் இதுதான், சிறந்ததும் இதுதான்.

திரும்பும் வழியில் கடைக்குப் போனோம். ஸ்கோப் மாட்டியே வருகிற பேக்கேஜை வாங்கச் சொல்லிக் கடைக்காரர் விடவேயில்லை, 459 என்றார். வேண்டாம் என்றேன். அந்த விலையில் மாட்டித் தரும் ஸ்கோப்பில் விடிகாலை வெளிச்சத்தில் புதருக்கும் மிருகத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ரைஃபிளில் மிச்சம் பிடித்து ஸ்கோப்பில் போடுங்கள். நான் வாங்கிய கணக்கு இது: ஆக்சிஸ் 2 .223க்கு 389, மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் 3-9 ஸ்கோப்புக்கு 199, அதை மாட்டும் வளையங்களுக்கு 38, வேட்டைக்கு, பட்டதும் விரியும் வி-மேக்ஸ் குண்டு போட்ட தோட்டா இரண்டு பெட்டி 52, பழகுவதற்கு மலிவுத் தோட்டா நூறு 55. விற்பனை வரி 8.25 சதவீதம் சேர்த்து 793 டாலர் 47 சென்ட். மலிவுத் தோட்டாவை மிருகத்தின் மேல் சுடாதீர்கள். அந்தக் குண்டு விரியாமல் ஊடுருவிப் போய்விடும், மிருகம் காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும்.

துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற அரசுப் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிய இருபது நிமிடம் ஆனது. பெட்டியில் பூட்டி டிக்கியில் வைத்தேன்.

மார்ச் இரண்டாம் வாரம் மறுபடி போகிறோம். அதற்குள் அந்த நூறு தோட்டாவையும் சுட்டு, 200 கஜத்துக்கு ஜீரோ செய்துவிட வேண்டும். டிக்கியில் ரைஃபிளுக்குப் பக்கத்தில் முழு அளவு ஸ்டெப்னி ஒன்றும் இருக்கும்.