தேன்பெட்டி சர்வேக்கு மென்பொருள் தேடியபோது

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் எங்கள் மாணவர் குழு ஒரு சர்வே எடுத்தது. எத்தனை பெட்டி, ரப்பர் தளிர்விடும் ஜனவரி–மார்ச் பருவத்தில் அவற்றை எங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள், பெட்டிக்கு எவ்வளவு தேன், என்னென்ன சிக்கல் என்று கேட்டிருந்தோம். பாதி காகிதத்தில், பாதி கூகுள் ஃபார்மில். இதை எந்த ஆபீஸ் மென்பொருளில் அலசுவது என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

நண்பர்கள் விலையைப் பற்றியே பேசினார்கள். நான் சில பதில் தாள்களை எடுத்து எக்ஸல், இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ், கூகுள் ஷீட்ஸ் மூன்றிலும் ஏற்றிப் பார்த்தேன். கூகுள் ஃபார்மிலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எக்ஸலில் நேராகத் திறந்தால் தமிழ் முழுக்கக் கிறுக்கலாக வந்தது. டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்தால் சரியாகிறது. ஆனால் அதை ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். லிப்ரே ஆபீஸின் விரிதாளான கால்க் திறக்கும்போதே எந்த எழுத்துக்குறியீடு என்று கேட்டு, முன்னோட்டமும் காட்டுகிறது. தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 குறியீட்டைக் கொடுத்தால் போதும். கூகுள் ஷீட்ஸும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ரப்பர் தோட்டத்துக்குள் சிக்னலுக்கு எங்கே போவது?

உண்மையான தலைவலி பதில்களில் இருந்தது. “பெட்டிக்கு எத்தனை கிலோ?” என்றால், “அது மழையப் பொறுத்தாக்கும், தம்பி” என்பார் ஒருவர். இன்னொருவர் பாட்டில் கணக்கில் சொல்வார். “25-30 பெட்டி” என்று எழுதிய கட்டத்தை எந்த மென்பொருளும் எண்ணாக எடுத்துக்கொள்ளாது. அதனால் அவர் சொன்னதை அப்படியே ஒரு நெடுவரிசையிலும், நாங்கள் மாற்றிய எண்ணைப் பக்கத்திலும் வைத்தோம். தெரியாது என்றவர்களுக்கு 99 போடலாம் என்றான் ஒருவன். சராசரி எகிறிவிடும் என்று சொல்லி அந்தக் கட்டங்களைக் காலியாக விட வைத்தேன். புதிதாக ஏற்றுபவர்கள் தப்பாக அடிக்காமல் இருக்க, கட்டத்தில் எதை அடிக்கலாம் என்று கட்டுப்படுத்தும் ‘வேலிடிட்டி’யில் வரம்பும் போட்டாயிற்று.

சிக்கல்கள் பற்றிய கேள்விக்குப் பல பதில்களை டிக் செய்யலாம். கூகுள் ஃபார்ம் “மழை, குளவி, நோய்” என்று எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் கொட்டிவிடும். அப்படியே பைவட் டேபிள் (வகைவாரியாக எண்ணித் தொகுக்கும் அட்டவணை) போட்டால் ஒவ்வொரு சேர்க்கையும் தனி வகையாக எண்ணப்படும். சிக்கலுக்கு ஒரு நெடுவரிசை, அதில் 1 அல்லது 0 என்று பிரித்த பிறகுதான் கணக்கு ஒழுங்காக வந்தது. இப்படிப் பிரித்தால் சதவீதங்களின் கூட்டுத்தொகை நூறைத் தாண்டும். அட்டவணைக்குக் கீழே அதைக் குறிப்பிடாவிட்டால் வழிகாட்டிப் பேராசிரியர் கேட்பார் (கேட்டார்). ‘நோய்’ என்றதும் பெரியவர்கள் 1990-களின் தொடக்கத்தில் ‘தாய் சாக்புரூட்’ (Thai sacbrood) என்ற தேனீ நோய் வைரஸ் பெட்டி பெட்டியாகத் தேனீக்களைக் கொன்ற கதைக்குப் போய்விடுவார்கள். அந்தக் கதைகளுக்கும் ஒரு நெடுவரிசை ஒதுக்கினேன்.

கடைசியில் லிப்ரே ஆபீஸையே எடுத்தோம். காசு கிடையாது, லினக்ஸ் ஓடும் பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது. கால்க்கில் போட்ட அட்டவணையை அதிலேயே உள்ள எழுத்துச் செயலியான ரைட்டரில் எழுதும் அறிக்கையில் இணைப்பாக ஒட்டினால், எண் மாறும்போது அங்கேயும் மாற்றிக்கொள்ளலாம். அதன் தரவுத்தள மென்பொருளான பேஸ் எங்களுக்குத் தேவைப்படவில்லை. இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனை கால்க்கின் டேட்டா மெனுவிலேயே இருக்கிறது. அதற்கு மேல் போக நினைப்பவர்கள் இதே சிஎஸ்வியை பிஎஸ்பிபி (PSPP) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றலாம், அதுவும் இலவசம்தான்.