பதினைந்தாம் தேதி வரும் பணம்

2023 செப்டம்பர், விநாயகர் சதுர்த்தி முடிந்த வாரம். எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்கும், தமிழக அரசு மாதாமாதம் தரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் கணக்கில் ஏறிவிட்டதாக மெசேஜ் வந்திருந்தது. அம்மாவின் போனுக்கும் ஒன்று வந்தது. படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். "விண்ணப்பம் ஏற்கப்படவில்லை" என்று இருந்தது. சட்டென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "என்ன கண்ணு, எனக்கு எப்ப வருதாம்?" என்று கேட்டுக்கொண்டே அடுப்பை ஊதினாள்.

ஏற்காட்டில் வாழவந்தி பக்கம் எங்கள் ஊர். அரை ஏக்கரில் காப்பி, நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. அதை மட்டும் நம்பி நான்கு பேர் சாப்பிட முடியாது. அம்மா எஸ்டேட் வேலைக்குப் போகிறாள். அப்பா முன்பு ஜீப் ஓட்டினார். இடுப்பில் அடிபட்டதிலிருந்து கனமான வேலை எதுவும் செய்ய முடியாது. நவம்பரில் காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கினால் மிளகு முடியும் மார்ச் வரை கையில் காசு புழங்கும். அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு நாளோ மூன்று நாளோதான் களையெடுப்பு, கவாத்து. ஜூன், ஜூலை மழையில் அதுவும் நின்றுவிடும். அந்த மாதங்களில் எங்கள் வீடு மளிகைக் கடை நோட்டில்தான் ஓடியது.

எனக்கு ஏற்கெனவே மாதம் ஆயிரம் ரூபாய் வந்துகொண்டிருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டம் அது, 2022 செப்டம்பரில் தொடங்கியது. கல்லூரியிலேயே விவரம் வாங்கி எல்லாம் முடித்துக் கொடுத்தார்கள். அதனால் அம்மாவுக்கும் அப்படியே சுலபமாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு எடுத்துக் கொடுக்கக் கல்லூரி மாதிரி யாரும் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்க ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். ரேஷன் கடையில் கொடுத்த டோக்கன், ஆதார், குடும்ப அட்டை, கரண்ட் பில், பாஸ்புக் எல்லாம் ஒரு மஞ்சள் பையில். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் 5 ஏக்கருக்கும் புன்செய் 10 ஏக்கருக்கும் மேல் கூடாது, கரண்ட் வருஷத்துக்கு 3,600 யூனிட் தாண்டக் கூடாது, கார், ஜீப், டிராக்டர் கூடாது. எதுவும் எங்களைத் தடுக்கிற மாதிரி தெரியவில்லை. அன்றைக்குச் சிரமப்பட்டது அம்மாவின் கட்டைவிரல் ஒன்றுக்குத்தான். இருபது வருஷமாகப் பழம் பறித்த விரல். ரேகை தேய்ந்து, காப்பிக் கறை நகக்கண்ணில் கறுப்பாக இறங்கிப் போயிருக்கிறது. மெஷினில் வைத்தாள், சிவப்பு விளக்கு. ஈரத்துணியால் துடைத்து வைத்தாள், மறுபடி சிவப்பு. முகாமில் இருந்த தன்னார்வலர் அக்கா பொறுமையாக ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னார். இடது கை மோதிர விரல் எடுத்துக்கொண்டது. வெளியே வந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள் அம்மா.

நிராகரித்த காரணம் ஏற்காடு டவுனில் ஒரு இ-சேவை மையத்தில்தான் தெரிந்தது: குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் இருக்கிறது.

அப்பாவின் ஜீப். 2014-லேயே வாழப்பாடி பக்கம் ஒருவருக்கு விற்றாகிவிட்டது. வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பணம் வாங்கிச் சாவியைக் கொடுத்தார். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றுவது வாங்குகிறவர் பாடு என்று விட்டுவிட்டார். விற்கிறவரும் படிவம் 29-ல் கையெழுத்துப் போட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. ஒன்பது வருஷமாக வீட்டில் இல்லாத ஜீப், அரசாங்கக் கம்ப்யூட்டரில் எங்கள் வாசலிலேயே நின்றிருக்கிறது. அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவரை இன்னும் வாட்டியது.

மேல்முறையீட்டுக்கு 30 நாள் கெடு. மனு இ-சேவை வழியாகக் கோட்டாட்சியருக்குப் போகும். வெறும் "வண்டி எங்களிடம் இல்லை" என்று எழுதினால் நிற்காது, கையில் தாள் வேண்டும் என்று எனக்குப் பட்டது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு குப்பனூர் வழியாக இறங்கி வாழப்பாடி பஸ் பிடித்தோம். வாங்கியவர் வீடு மாறியிருந்தார். டீக்கடையில் கேட்டு, மெக்கானிக்கிடம் கேட்டு, மதியத்துக்கு மேல் கண்டுபிடித்தோம். மாந்தோப்பில் நின்றது ஜீப். டயர்கள் மண்ணில் புதைந்து, பின் சீட்டில் கோழி அடை வைத்திருந்தார்கள். அப்பா பானெட்டில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அந்த அண்ணன் நல்லவர். விஷயத்தைச் சொன்னதும், "அட, என்னாலயா அண்ணிக்குப் பணம் வரல?" என்று பதறிப் போனார். 2014-லிருந்து வண்டி தன்னிடம்தான் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆதார் நகலும் கொடுத்தார். நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி ஜீப்பை நான் போட்டோ எடுத்துக்கொண்டேன். பழைய வெள்ளைத்தாளையும் சேர்த்து மனு போட்டோம்.

பெயர் மாற்றும் வேலை தனியாக இழுத்துக்கொண்டே போனது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. மனுவுக்கு அது தேவைப்படவில்லை. வி.ஏ.ஓ. ஒரு நாள் காலையில் வந்தார். வாசலைப் பார்த்தார், பக்கத்து வீட்டில் இரண்டு கேள்வி கேட்டார், எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 10, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. மேல்முறையீடு செய்தவர்களையும் சேர்த்துப் புதிதாக 7.35 லட்சம் பெண்களுக்கு அன்று பணம் போட்டார்கள். அம்மாவுக்கும் மெசேஜ் வந்தது. ஆனால் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் பாஸ்புக்கில் இருப்பது இல்லை.

குழுக் கடன் வாங்கியபோது ஒரு வங்கியில் கணக்கு திறக்கச் சொல்லியிருந்தார்கள். அதற்கும் ஆதார் கொடுத்திருக்கிறாள், அப்புறம் மறந்துவிட்டாள். அரசுப் பணம் ஆதார் வழியாக வருகிறபோது, நாம் எத்தனை வங்கியில் ஆதாரைக் கொடுத்திருந்தாலும் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைத்தோமோ அதற்குத்தான் போகும். தீபாவளி விடுமுறை முடிந்து அந்த வங்கிக்குப் போனால், கணக்கில் 410 ரூபாய் இருந்தது. குறைந்தபட்ச இருப்பு வைக்காத அபராதம், அதற்கு ஜி.எஸ்.டி., எல்லாம் சேர்த்து 590 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார். "தீபாவளிக்குப் பையனுக்குச் சட்டை எடுக்கலாம்னு இருந்தேன் சார்" என்றாள் அம்மா. அவர் பதில் சொல்லவில்லை. உதவித்தொகையில் இப்படிப் பிடிக்கக் கூடாது என்று அரசே வங்கிகளிடம் சொல்லியிருந்தது, செய்தியிலும் வந்தது. நான் முதல்வரின் உதவி எண் 1100-க்கு போன் செய்து புகார் பதிந்தேன். மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். அந்த 590 திரும்பி வரவே இல்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொரு மாதம் அங்கே போகவிடக் கூடாது என்று தபால் ஆபீசுக்குப் போனோம். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியில் இருப்பு வைக்கத் தேவையில்லாத கணக்கு திறந்து, ஆதாரை அதற்கு மாற்றினோம். இதில் எங்களுக்குக் கிடைத்த வசதி, தபால்காரரே மெஷினோடு ஊருக்கு வருவார். விரல் வைத்தால் பணம். இதே மாதிரி மாட்டிக்கொள்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: மனு போடுவதற்கு முன்னால் ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். ஆதார் இணையதளத்திலேயே தெரியும், சாதாரண போனில் *99*99*1# போட்டும் பார்க்கலாம். வங்கிக் கணக்குதான் வேண்டும் என்றால் அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், ஜன்தன் கணக்கும் அந்த வகைதான். அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. கேட்டால்தான் செய்வார்கள்.

ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று என் கூடப் படிக்கிறவர்களே கேட்டிருக்கிறார்கள். மூன்று நாள் கூலி கூட இல்லை, உண்மைதான். ஆனால் கூலி என்றைக்கு வரும் என்று அம்மாவால் ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை. மழை பெய்தால் இல்லை, மேஸ்திரி கூப்பிடாவிட்டால் இல்லை. இது பதினைந்தாம் தேதி வரும். அந்தத் தேதி ஒன்று கையில் இருப்பதால் எங்கள் வீட்டில் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

முதலில் மளிகைக் கடை. முன்பெல்லாம் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதுதான் அரிசி, சொல்வதுதான் விலை. பாக்கி இருக்கிறபோது எதிர்த்துக் கேட்க முடியாது. இப்போது பதினாறாம் தேதி நோட்டு தீரும். கடன் அப்புறமும் உண்டு, ஆனால் அந்த மாதத்துக் கடன் அந்த மாதத்தோடு. அம்மா துவரம்பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து, "இது வேண்டாம், அந்த மூட்டையில குடுங்க" என்று சொன்னதை 2024 பிப்ரவரியில்தான் முதல்முறை கேட்டேன்.

அப்புறம் மிளகு. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஜூனிலும் ஒரு வியாபாரி வந்து எட்டாயிரம் முன்பணம் கொடுப்பார். கொடியில் சரம் அப்போதுதான் விட ஆரம்பித்திருக்கும். விலையையும் அன்றைக்கே அவர் சொல்லிவிடுவார். மார்ச்சில் பறித்துக் காயவைத்து அவருக்கே போட வேண்டும். சந்தையில் என்ன விலை போனாலும் எங்களுக்கு அது இல்லை. ஜூனில் வீட்டில் அரிசி இல்லாததற்கு நாங்கள் கொடுத்த விலை அது. 2024 ஜூனில் அம்மாவின் ஆயிரமும் என்னுடைய ஆயிரமும் இருந்தது. அவர் வந்தபோது அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். "இந்த வருஷம் வேண்டாங்கண்ணா, பார்த்துக்கறோம்" என்றாள். அவர் மறுபடி இரண்டு தடவை கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த இரண்டு மூன்று மாதம் சுலபமாகப் போனது என்று சொல்ல மாட்டேன். ஆகஸ்டில் அப்பாவுக்கு ஊசி போட வேண்டி வந்து, அத்தையிடம் கைமாற்று வாங்கினோம். குழுக் கடன் தவணை வாரா வாரம் அதன் பாட்டுக்கு நின்றது. ஆனால் 2025 மார்ச்சில் 62 கிலோ மிளகைப் பாறையில் காயவைத்து, அப்பாவும் நானும் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குக் கொண்டுபோனோம். முன்பணக்காரர் விலையைவிடக் கிலோவுக்கு 110 ரூபாய் கூடக் கிடைத்தது. கிட்டத்தட்ட ஏழாயிரம். உரிமைத் தொகையில் எவ்வளவு செலவானது என்று கணக்குப் பார்க்கிறவர்கள் யாரும் இந்த ஏழாயிரத்தை எழுத மாட்டார்கள்.

சும்மா காசு கொடுத்தால் வேலைக்கு ஆள் வராது என்று பஸ்ஸில் ஒருவர் பேசிக்கொண்டு வந்தார். அம்மா ஒரு நாள் வேலையை விடவில்லை. எஸ்டேட் முன்பணம் வாங்காததால் அந்த நவம்பரில் எங்கே கூலி அதிகமோ அங்கே போய்ப் பறித்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

2025 ஜூலையில் அரசின் "உங்களுடன் ஸ்டாலின்" முகாம்கள் தொடங்கி, விடுபட்டவர்கள் மறுபடி மனு கொடுக்கலாம் என்றார்கள். அந்த வார லீவில் நான் வீட்டுக்கு வந்தபோது திண்ணையில் ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஆளுக்கொரு பையோடு. பக்கத்து வீட்டுச் சின்னம்மாவிடம் அம்மா விசாரித்துக்கொண்டிருந்தாள்: "மாமா பழைய வேன் ஒண்ணு வச்சிருந்தாரே, அதை யாருக்கு வித்தாரு? பேரு மாத்திட்டாரா?" சின்னம்மாவுக்குத் தெரியவில்லை. "சரி, அதைக் கேட்டுட்டு வா. அதுக்குள்ள உன் ஆதார் எந்த பேங்க்ல இருக்குன்னு இவ பார்க்கட்டும்" என்று போனை வாங்கி என் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்குள் சிக்னல் இல்லை. நான் போனை எடுத்துக்கொண்டு பாறை மேல் ஏறினேன்.